வெடித்த ரப்பர் கட்டையில் கிண்ணம் கடையலாமா?

கேள்வி: ஐயா, எங்கள் தோட்டத்தில் மறுநடவுக்காகப் பழைய பால்மரங்களைச் சாய்த்தபோது ஓர் அடிக்கட்டையைக் கேட்டு வாங்கி, வீட்டுக்குப் பின்னால் போட்டு வைத்தேன். இப்போது இரண்டு முனையிலும் வெடிப்பு, உள்ளே நீலம் பாய்ந்திருக்கிறது, ஓரத்தில் ஊசி குத்தியதுபோல் ஓட்டைகள். விறகுக்குத்தான் ஆகும் என்கிறார் அப்பா. லேத்தில் கிண்ணம் கடைய முடியுமா?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: முடியும் தம்பி, ஆனால் முழுக் கட்டையிலும் இல்லை. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம், அதனால்தான் வெட்டிப் போட்டதும் பூஞ்சையும் வண்டும் ஓடி வருகின்றன. பலகை ஆலைகளில் உடனுக்குடன் போரான் மருந்து ஏற்றுவது இதற்காகத்தான். நீலம் வெறும் கறை, பலம் பெரிதாகக் குறையாது, எனக்கென்னவோ கிண்ணத்தில் அது அழகுதான். ஓட்டைகளைத் தட்டிப் பாருங்கள். மாவுபோல் தூள் கொட்டினால் உள்ளே வண்டு இருக்கலாம், அந்த ஓரத்தை அறுத்து எரித்துவிடுங்கள், வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டாம்.

வாளை வைப்பதற்கு முன் இன்னொன்று. பால்மரத்தில் பால் வடியத் தகரம் அடித்திருப்பார்கள், கோப்பை மாட்டக் கம்பி கட்டியிருப்பார்கள்; மரம் பருக்கப் பருக்க அதெல்லாம் உள்ளே போய்விடும், மேலே ஒரு சின்னப் புடைப்புதான் தெரியும். காந்தம் ஆழத்தில் கிடப்பதைக் காட்டாது, அதனால் கையடக்க மெட்டல் டிடெக்டர் இரவல் கிடைத்தால் நல்லது. பால் வெட்டின பக்கத்தை இரண்டு தடவை பாருங்கள்.

வெடிப்புக்கு வருவோம். மரம் காயும்போது ஆரத்தின் வாக்கில் சுருங்குவதைவிட வளையத்தின் வாக்கில் ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும், அதனால் நடுக்குருத்திலிருந்து, அதாவது கட்டையின் மையத்திலிருந்து, வெளியே பிளக்கும். குருத்தோடு கடைந்தால் கிண்ணமும் பிளக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கட்டையை நீளவாக்கில் பிளந்து, குருத்தை இரண்டு விரல் அகலத்துக்கு நீக்கி, முனைகளையும் வெடிப்பு மறையும்வரை அறுத்துத் தள்ளுங்கள். மிச்சத்தை விரல் முட்டியால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், 'தொப்'பென்றால் உள்ளே பிளவு இருக்கலாம். மயிரிழைக் கீறலுக்குத் தண்ணீர் மாதிரி இருக்கும் சூப்பர் குளூவை ஊற்றுங்கள், உறிஞ்சிக்கொள்ளும். அகலமானதற்கு எபாக்சியில் கோப்பித் தூள் கலந்து அடைக்கலாம். ஆனால் சக் (லேத்தில் கட்டையைக் கவ்வும் பிடி) பிடிக்கிற அடிப்பாகத்துக்குள் வெடிப்பு போயிருந்தால் எந்தப் பசையையும் நம்பாதீர்கள், அப்போது அப்பா சொன்னதுதான் சரி.

லேத்தை மிகக் குறைந்த வேகத்தில் தொடங்குங்கள், முகம் முழுக்க மூடும் கவசம் போடுங்கள் (கண்ணாடி மட்டும் போதாது), பூஞ்சைத் தூளுக்கு மாஸ்க்கும் வேண்டும், கட்டை சுழலும் நேர்கோட்டில் நிற்காதீர்கள். கிண்ணத்துக்கு என்றே இருக்கிற கௌஜ் உளியைப் பிடியுங்கள்; நீளக் கட்டையை உருட்டும் பெரிய ரஃபிங் கௌஜ் மரத்தில் சிக்கினால், கைப்பிடிக்குள் போகும் அதன் வால் முறியும். அடிக்கடி நிறுத்திக் கீறல் நீண்டிருக்கிறதா என்று பாருங்கள். கட்டை இன்னும் ஈரமாக இருந்தால் 10 அங்குலக் கிண்ணத்துக்குச் சுவரை 1 அங்குலம் தடிப்பாக விட்டு, காகிதப் பையில் போட்டு, வாரம் ஒருமுறை எடை பாருங்கள். எடை இறங்குவது நின்ற பிறகு, கோணிப்போன கிண்ணத்தைத் திரும்ப மாட்டி முடியுங்கள். சில மாதம் ஆகும்.

கேள்வி: மரக்கிண்ணத்துக்குத் தேங்காய் எண்ணெய் பூசலாமா?
- வாசகி, கோலகங்சார்

பதில்: நாளாக ஆகச் சிக்கு வாடை வரும் அம்மா. மருந்துக் கடையில் விற்கும் மினரல் ஆயில் கெட்டுப்போகாது. முறுக்கு, கச்சான் போட்டு வையுங்கள். எபாக்சி அடைத்ததில் சூடான குழம்பு ஊற்ற வேண்டாம்.