முதல் பத்து நிமிடத்து ரத்தம்

அன்புள்ள ஐயா,

நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் நடக்கும் 'தி நிக்' தொடரின் இருபது எபிசோடுகளையும் சென்ற மாதம் பார்த்து முடித்தேன். உடனே ஐந்து நண்பர்களுக்குப் பரிந்துரைத்தேன். ஐந்து பேருமே முதல் பத்து நிமிடத்தைத் தாண்டவில்லை. ஒருவர் கசாப்புக் கடை போல இருக்கிறது என்றார். 1900இல் நடக்கும் கதைக்கு எலெக்ட்ரானிக் இசையா என்று இன்னொருவர் கேட்டார். மூன்றாமவர் இணையத்தில் தேடிப் படித்துவிட்டு, டைஃபாய்டு காய்ச்சலைப் பரப்பிய சமையல்காரி டைஃபாய்டு மேரி பிடிபட்டது 1907இல், அவளை இதில் எப்படி நுழைக்கலாம் என்று சண்டைக்கு வந்தார். நான்காமவர் காரணமே சொல்லவில்லை. ஐந்தாமவர் என் அலுவலக நண்பர். அவர் மனைவிக்கு இது ஏழாம் மாதம். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அவர் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

இவ்வளவு நல்ல தொடர் ஏன் யாருக்கும் தெரியாமல் போனது? முதல் எபிசோடை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து பார்க்கச் சொல்லலாமா? இங்கிலாந்துப் பிரபு குடும்பத்துக் கதையான 'டவுன்டன் அபே' மாதிரி இருக்கும் என்று சொன்னால் பார்ப்பார்களா?

அன்புடன்,
க.

*

அன்புள்ள க.,

முதலில் அந்த அலுவலக நண்பரிடம் பேசுங்கள். மற்றதெல்லாம் பிறகு. தாயும் சேயும் ஆபரேஷன் மேசையிலேயே இறக்கும் காட்சியோடு தொடங்குகிற தொடரை, ஏழு மாதக் கர்ப்பிணி இருக்கும் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். தொடர் நன்றாக இருக்கிறது என்பது இதற்குச் சமாதானம் ஆகாது. யார் வீட்டில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று ஒரு நிமிடம்கூட எண்ணிப் பார்க்காமல் அனுப்புவதற்குப் பரிந்துரை என்று பெயரில்லை.

மன்னிப்புக் கேட்பதோடு நிறுத்தாமல், இதையும் சொல்லுங்கள். தொடரில் இறக்கும் அந்தப் பெண்ணுக்கு இருந்தது, நஞ்சுக்கொடி கீழிறங்கிக் கருப்பையின் வாயை மூடிக் கிடக்கும் நிலை. இன்று ஐந்தாம் மாத ஸ்கேனிலேயே அது தெரிந்துவிடும். அப்போது கீழே இருப்பதாகச் சொல்லப்படும் நஞ்சுக்கொடியும், கருப்பை வளர வளரப் பெரும்பாலும் மேலே விலகிவிடும். பிரசவ காலம் வரை விலகாமல் இருப்பது ஏறத்தாழ 200இல் ஒருவருக்கு. அவர்களுக்கும் 36, 37ஆவது வாரத்தில் நாள் குறித்து, பொருந்தும் ரத்தத்தைத் தயாராக வைத்துக்கொண்டு சிசேரியன் செய்கிறார்கள். அந்தத் தம்பதி இரவில் விழித்திருந்து எண்ணிக்கொண்டிருப்பது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

உங்களைத் திட்டுவது மட்டும் என் நோக்கமில்லை. ஒன்றைப் பார்த்து முடித்த கையோடு, மனம் நிறைந்து, கண்ணில் பட்ட ஐந்து பேரிடம் ஓடுவது நல்ல மனம். அந்த மனம் இருப்பதால்தான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறீர்கள். ஒரு படைப்பை ஒருவர் கையில் எப்படிக் கொடுப்பது என்று சில வாரங்களாக நானும் எண்ணிக்கொண்டிருந்தேன். அதனால்தான் பதிலும் நீள்கிறது.

ஏன் தெரியாமல் போனது என்பதற்குப் பெரிய மர்மம் ஏதுமில்லை. 2014 ஆகஸ்டில் சினிமேக்ஸ் சேனலில் வந்தது. கூடுதல் காசு கட்டினால்தான் அமெரிக்காவிலேயே அந்தச் சேனல் கிடைக்கும், அப்படிக் கட்டியவர்களும் அதில் அடிதடித் தொடர்களை எதிர்பார்த்தவர்கள். 2014இல் பத்து, 2015இல் பத்து எபிசோடுகள், அதோடு முடிந்துவிட்டது. பீபாடி விருது கிடைத்தது, கூட்டம் சேரவில்லை. இருபதையும் இயக்கியவர் ஸ்டீவன் சோடர்பெர்க். ஒளிப்பதிவு பீட்டர் ஆண்ட்ரூஸ், படத்தொகுப்பு மேரி ஆன் பெர்னார்ட் என்று வரும் இரண்டு பெயர்களும் அவருடைய புனைபெயர்களே.

இரண்டாவது எபிசோடிலிருந்து பார்க்கச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்களே, அந்தக் கேள்வியைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. கூடாது. அந்த முதல் ஆபரேஷனை எடுத்துவிட்டால் மீதியெல்லாம் தொப்பியும் மீசையும் குதிரை வண்டியும்தான். உங்கள் நண்பர்கள் ஓடியதற்கு ரத்தம் காரணமில்லை. எதைப் பார்க்கிறோம் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. 'அருமையான தொடர், பார்' என்று மட்டும் சொல்லியிருப்பீர்கள்.

அந்தக் காட்சிக்கு முன் சொல்லவேண்டியவை சில உண்டு. 1846இல் பாஸ்டனில் ஈதர் கொடுத்து வலியில்லாமல் ஆபரேஷன் செய்து காட்டிவிட்டார்கள். 1867இல் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் காயம் சீழ்பிடிப்பதைத் தடுக்கும் முறையை வெளியிட்டார். 1882இல் மாக்ஸ் சேங்கர், சிசேரியனுக்குப் பின் கருப்பையைத் தைத்து மூடும் முறையைச் சொல்லிக்கொடுத்தார். ஆக 1900இல் ஒரு மருத்துவரால் வயிற்றைத் திறக்க முடியும், வலி தெரியாமல் வைத்திருக்க முடியும், தைக்க முடியும். போன ரத்தத்தைத் திருப்பித் தர மட்டும் முடியாது.

அதனால் அங்கே நேரம்தான் மருந்து. நிறைமாதக் கருப்பை வழியாக நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லி ரத்தம் ஓடுகிறது. உடம்பில் இருப்பது மொத்தம் ஐந்தாறு லிட்டர். கருப்பை வாய் விரியத் தொடங்கியதும் அதன்மேல் படிந்திருக்கும் நஞ்சுக்கொடி பிய்கிறது, பிய்ந்த இடத்தில் குழாய்கள் வாய் திறந்து கிடக்கின்றன. கருப்பையின் மேற்பகுதியில் குழந்தை வெளியே வந்ததும் தசை இறுகி அந்தக் குழாய்களை நெரித்து மூடிவிடும். கீழ்ப்பகுதியில் அவ்வளவு தசை கிடையாது. குழந்தையை எடுத்துவிட்டாலும் ரத்தம் நிற்காது. அந்தக் கைகளின் வேகத்துக்கும், கையால் சுற்றி ரத்தம் உறிஞ்சும் கருவியின் பரபரப்புக்கும், சுற்றிலும் கறுப்புக் கோட்டு அணிந்து உட்கார்ந்திருப்பவர்களின் மௌனத்துக்கும் காரணம் இதுதான். இது தெரிந்தவர் அந்தக் குடுவையில் ஏறும் ரத்தத்தைக் கடிகார முள்ளைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். தெரியாதவருக்குக் கசாப்புக் கடைதான். அவரைக் குறை சொல்லாதீர்கள்.

ஏன் ரத்தம் தர முடியாது என்று அடுத்து கேட்பார்கள். ரத்தத்தில் வகைகள் உண்டு என்று கார்ல் லாண்ட்ஸ்டைனர் வியன்னாவிலிருந்து கட்டுரை வெளியிட்டது 1901இல். அதைக் கொண்டு, முன்கூட்டியே பொருத்தம் பார்த்து நியூயார்க்கில் ரூபன் ஓட்டன்பெர்க் ரத்தம் ஏற்றியது 1907இல். வெளியே எடுத்த ரத்தம் உறையாமல் இருக்கச் சிட்ரேட் கலக்கலாம் என்று தெரிந்தது 1914, 15இல். அதற்கு முன் குருட்டு அதிர்ஷ்டம்தான். தொடரின் நாயகன் ஜான் தாக்கரிக்கு முன்மாதிரியாகச் சொல்லப்படுபவர் அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட். 1881இல் பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கில் கிடந்த சொந்தத் தங்கைக்குத் தன் ரத்தத்தையே எடுத்து ஏற்றியவர். அவள் பிழைத்தாள். பொருந்தாத வகையாக இருந்திருந்தால் அதே ரத்தம் அவளைக் கொன்றிருக்கும், ஏன் என்று அன்று அவருக்கு விளங்கியிருக்காது. இதை நண்பர்களுக்குச் சொல்லி வையுங்கள். முதல் சீசனின் கடைசி எபிசோடில் இது அவர்களுக்குத் தேவைப்படும். எதற்கு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பழைய காலத்தைக் காட்டும் தொடர்களில் நாம் உடையைப் பார்க்கிறோம், நாற்காலியைப் பார்க்கிறோம். அந்த மனிதர்களிடம் என்ன இல்லை என்று பார்ப்பதில்லை. இந்தத் தொடரில் அதை மட்டுமே பார்த்துக்கொண்டு போகலாம். கையுறை இல்லாத விரல்கள் வயிற்றுக்குள் போகின்றன. ஹால்ஸ்டெட் ரப்பர் கையுறை செய்யச் சொன்னதே 1889, 90 வாக்கில்தான், அதுவும் கிருமிநாசினியால் ஒரு செவிலியின் கை புண்ணாகிறது என்பதற்காக. எல்லோர் கைக்கும் அது வந்துசேரப் பல ஆண்டுகள் ஆயின. எக்ஸ்ரே இயந்திரத்தின் முன்னால் எந்தத் தடுப்பும் இல்லாமல் நிற்கிறார்கள், 1895இல் வந்த புதுப்பொருள். எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி அந்தக் கதிராலேயே கைகளை இழந்து 1904இல் இறந்தார். தாக்கரி கொக்கைன் ஏற்றிக்கொள்வதைப் போதைக் கதை என்று சுருக்காதீர்கள். 1884இல் கார்ல் கோலர் அது கண்ணை மரத்துப்போக வைக்கிறது என்று காட்டியதும், ஹால்ஸ்டெட்டும் அவருடைய சகாக்களும் நரம்பை மரக்கவைக்கும் முறையைத் தங்கள் உடம்பிலேயே ஊசி போட்டுச் சோதித்தார்கள். அப்படித்தான் பழக்கம் பிடித்தது. அதை விடவைக்க அவருக்குக் கொடுத்த மருந்து மார்ஃபின்.

சிபிலிஸ் நோயால் மூக்கு அழிந்த ஒரு பெண்ணின் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். மேல்கையின் தோலை முழுவதும் அறுக்காமல் மூக்கோடு தைத்து, கையையும் தலையையும் சேர்த்துக் கட்டி வைப்பார்கள். அந்தத் தோல் முகத்திலிருந்து ரத்த ஓட்டம் பெறும்வரை, இரண்டு மூன்று வாரம், கையை இறக்கக்கூடாது. அவசரப்பட்டு வெட்டினால் தோல் கறுத்து அழுகிவிடும். இது இத்தாலியில் தாக்லியாகோட்சி 1597இல் எழுதி வைத்த முறை. நெற்றித் தோலைத் திருப்பி மூக்கு வைக்கும் நம் நாட்டு முறையை ஐரோப்பா அறிந்தது 1794இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் வந்த கடிதத்தால். திப்பு படையிடம் சிக்கி மூக்கறுபட்ட வண்டிக்காரர் ஒருவருக்குப் புனே பக்கம் செய்யப்பட்ட சிகிச்சை அது. நெற்றித் தோல் பக்கத்திலேயே இருப்பதால் கையைக் கட்டிப்போட வேண்டியதில்லை. உங்கள் நண்பர்களில் ஒருவராவது இதைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருவார்.

'டவுன்டன் அபே மாதிரி' என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அதைக் கேட்டு வருபவர் தேநீர்க் கோப்பையை எதிர்பார்த்து வருவார், பத்தாவது நிமிடத்தில் ஏமாற்றப்பட்டதாக உணர்வார். 'அது மாதிரி, இது மாதிரி' என்று சொன்னால் எந்தப் படைப்பும் இன்னொன்றின் மட்டமான நகலாகத்தான் போய்ச் சேரும். தமிழ் வாசகரிடம் சொல்ல இதைவிட நல்ல வாசல் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடரைச் சொல்லுங்கள். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள் கதவைத் தட்டி, பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்கு உதவிக்கு அழைத்ததும், ஆண் மருத்துவரான அவருடைய அப்பாவை உள்ளே விட மறுத்ததும், விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்ததும் பலருக்குத் தெரியும். அதன்பின் அவர் படித்து முடித்த இடம் நியூயார்க், கார்னெல் மருத்துவக் கல்லூரி, 1899. வேலூருக்கு வந்தது 1900இல். இந்தத் தொடர் நடக்கும் அதே நகரம், அதே ஆண்டு. வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு அவர் தொடங்கியபோது, ரத்தப்போக்கோடு வந்த பெண்ணுக்குக் கொடுக்க அவர் கையிலும் ரத்தம் இல்லை.

இசையைப் பற்றிச் சண்டை வேண்டாம். கிளிஃப் மார்ட்டினெஸின் சின்தசைசர் முதல் எபிசோடில் உறுத்தும், மூன்றாவதில் பழகிவிடும். 1900இல் வாழ்ந்தவர்களுக்கு அது புத்தம்புதிய நூற்றாண்டு, அந்த இசை எனக்கு அதைத்தான் சொல்கிறது. டைஃபாய்டு மேரி ஆண்டுக்கணக்கில் உங்கள் நண்பர் சொல்வது சரி. முன்னுக்கு இழுத்திருக்கிறார்கள். மலேரியாக் காய்ச்சலால் சிபிலிஸை ஒடுக்குவதும் உண்மையில் 1917இல் வந்ததுதான். ஆனால் பத்து நிமிடம் பார்த்துவிட்டு இணையத்தில் பிழை தேடுகிறவருக்கு இதற்கு மேல் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. பார்த்து முடித்துவிட்டு வரட்டும்.

பார்க்கும் முறையையும் சொல்லிக் கொடுங்கள். பெரும்பாலும் அந்தந்த இடத்து வெளிச்சத்திலேயே படம்பிடித்தது, மிக இருட்டு. பகலில் ஜன்னல் திறந்த அறையில் பார்த்தால் பாதி முகங்கள் தெரியாது. டிவியில் அசைவை வழுவழுப்பாக்கும் மோஷன் வசதியை அணைக்கவேண்டும், இல்லையென்றால் கையில் பிடித்தே எடுத்த காட்சிகள் கல்யாண வீடியோ போலாகிவிடும். சப்டைட்டில் கட்டாயம். சாப்பிடும் நேரம் வேண்டாம், குழந்தைகள் அருகில் வேண்டாம். அபின் விடுதியும் விபச்சார விடுதியும் வருகின்றன, கறுப்பின மருத்துவர் எட்வர்ட்ஸை அழைக்கும் வசைச் சொற்களும் அப்படியே வருகின்றன. ஒரு நாளைக்கு ஒரு எபிசோட் போதும். மூன்று எபிசோட் வரை போகட்டும். அந்த முதல் ஆபரேஷன் பின்னால் மறுபடியும் வரும் என்று மட்டும் சொல்லிவையுங்கள்.

ஐந்து பேருக்கும் ஒரே செய்தியை மறுபடி அனுப்பாதீர்கள். கசாப்புக் கடை என்றவரை முதலில் பிடியுங்கள், அவர் கண்ணைத் திருப்பாமல் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு அழைத்து, ரத்தத்தைப் பற்றி நான் மேலே எழுதியதை இரண்டு நிமிடம் சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து முதல் எபிசோடைப் பாருங்கள். காரணமே சொல்லாத நான்காமவரைத் தொந்தரவு செய்யவேண்டாம், அவருக்கு ஏதோ இருக்கலாம். அலுவலக நண்பரிடம் இந்தத் தொடரின் பெயரையே இனி எடுக்காதீர்கள். குழந்தை பிறக்கட்டும், போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.