பேய்க்கு இரண்டு பிறந்த நாள்

மைக்கறை பதில்கள்

போன மாதம் பழைய வால்போஸ்டர்களைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதினேன். அமெரிக்கப் பேய் போஸ்டர்கள் சிலவற்றை வாங்கி வைத்திருக்கிறேன் என்று அதில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பேய்தான். சிவகாசி அச்சகத்தில் முப்பத்தோரு வருடம் லித்தோவோடும் ஆஃப்செட்டோடும் மல்லுக்கட்டியவன் நான். சாமி படம், பட்டாசு லேபிள், காலண்டர் எல்லாம் அடித்திருக்கிறேன், பேய் அடித்ததில்லை. மகள் பிட்ஸ்பர்க் பக்கம் குடியிருப்பதால் இரண்டு தடவை போய் ஆறாறு மாதம் தங்கினேன். ஞாயிற்றுக்கிழமை பழம்பொருள் சந்தைகளில் சுற்றியதில் பிடித்த பைத்தியம் இது.

கேள்வி: 'பேய் ஷோ' என்று எழுதியிருந்தீர்கள். அது சினிமாவா, நாடகமா, மந்திரக் காட்சியா? (வாசகி, சேலம்)

மூன்றும்தான் அம்மா. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சினிமாத் தியேட்டர்களில் முளைத்த வியாபாரம் இது. வழக்கமான காட்சி முடிந்த பிறகு, நள்ளிரவில் தனி டிக்கெட். முதலில் மேடையில் ஒரு மந்திரவாதி வருவார். ஆளை அறுப்பார், தலையை வெட்டுவார், கூட்டத்தில் இருந்து ஒரு பையனை மேலே கூப்பிட்டுப் பயமுறுத்துவார். கடைசியில் அரங்கின் எல்லா விளக்குகளையும் ஒரே நேரத்தில் அணைத்துவிடுவார்கள். அந்தக் கும்மிருட்டில், இருளில் ஒளிரும் வண்ணம் பூசிய மெல்லிய துணிகளை நீண்ட கழிகளில் கட்டி, ஜனங்களின் தலைக்கு மேல் ஆட்டுவார்கள். அதுதான் பேய். கத்திக் களைத்தவர்களுக்கு ஒரு பேய்ப் படத்தையும் ஓட்டி அனுப்பிவிடுவார்கள்.

எல்வின் பெக் என்ற மந்திரவாதியைத்தான் இதற்கு முன்னோடி என்பார்கள். பிறகு 'டாக்டர் சில்கினி' என்ற பெயரில் ஜாக் பேக்கர், பில் நெஃப் என்று பலர் ஊர் ஊராகப் போனார்கள். 'நிஜப் பிணம் இலவசம், அதிர்ஷ்டசாலி ஒருவருக்கு' என்று விளம்பரம் செய்து கூட்டம் சேர்த்தவர்களும் உண்டு. மேடைக்கு வந்த அதிர்ஷ்டசாலி கையில் கொடுத்தது, உறைய வைத்த கோழி! பிணம்தானே, பொய் சொல்லவில்லை.

கேள்வி: ஐயா, சொந்த ஊர் விருதுநகர். ஓஹியோ மாநிலம் கொலம்பஸில் வேலை பார்க்கிறேன். ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில் பேய் ஷோ அட்டை ஒன்று வாங்கினேன். 14க்கு 22 அங்குலம். எலும்புக்கூடு, பச்சை முகம். மேலே 'பேலஸ்' என்று தியேட்டர் பெயர். 'வெள்ளிக்கிழமை அக்டோபர் 13 நள்ளிரவு' என்று இருக்கிறது, வருடம் இல்லை. கட்டணம் '42 சென்ட், வரி 8, மொத்தம் 50'. விற்றவர் 1933 என்றார். ஓவியரைத் தேடிப் பத்து நாளாக இணையத்தில் அலைகிறேன், ஒன்றும் அகப்படவில்லை. எங்கே தொடங்குவது? (வாசகர், கொலம்பஸ்)

தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரவு பதினொரு மணி வரை காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தேன். வீட்டில் திட்டு விழுந்தது.

முதலில் எலும்புக்கூட்டை விட்டுவிடுங்கள். படத்திலிருந்து தொடங்குகிற எல்லோரும் அங்கேயே சிக்கிக்கொள்கிறார்கள். நம் ஊர்க் காலண்டரை நினைத்துப் பாருங்கள். முருகன் படத்தை ஆயிரக்கணக்கில் அடித்து வைத்துவிடுவோம். கீழே வெற்றிடம் விட்டிருப்போம். விருதுநகர் எண்ணெய்க் கடைக்காரர் வந்தால் அவர் பெயர், கோவில்பட்டி ஜவுளிக் கடைக்காரர் வந்தால் அவர் பெயர் என்று பிறகு அதில் ஏற்றிக் கொடுப்போம். முருகன் பிறந்தது ஒரு வருடம், எண்ணெய்க் கடை ஏறியது இன்னொரு வருடமாகவும் இருக்கும். உங்கள் அட்டையும் அதே சாதி. தியேட்டர் ஜன்னலிலும் கடை ஜன்னலிலும் வைப்பதற்கான அட்டை அது. 14க்கு 22 என்பது அதற்கான வழக்கமான அளவு. படத்தை மொத்தமாக அடித்துவிட்டு, மேலே இடம் விட்டிருப்பார்கள். தியேட்டர் பெயரும் நாளும் கட்டணமும் பிறகு ஏறியவை. ஆகவே உங்கள் பேய்க்கு இரண்டு பிறந்த நாள். இரண்டாவது பிறந்த நாளைக் கண்டுபிடிப்பது சுலபம். அதைப் பிடித்துக்கொண்டுதான் முதலாவதற்குப் போக வேண்டும்.

அக்டோபர் 13 வெள்ளிக்கிழமையாக வந்த வருடங்களைக் கணக்குப் போட்டேன். 1930 முதல் 1955 வரை நான்கே நான்கு: 1933, 1939, 1944, 1950. விற்றவர் 1933ஐச் சும்மா பிடிக்கவில்லை, நாள்காட்டி பார்த்திருக்கிறார். இருப்பதில் பழையதைச் சொன்னால் விலை ஏறும் அல்லவா?

ஆனால் அந்த 8 சென்ட் அவரைக் காட்டிக்கொடுக்கிறது. அமெரிக்காவில் கேளிக்கை வரி மத்திய அரசு வாங்கியது. போர்ச் செலவுக்காக 1944 ஏப்ரல் 1 முதல் அதை 20 சதவீதம் ஆக்கினார்கள். ஐந்து சென்டுக்கு ஒரு சென்ட். 42க்கு எட்டு சரியாக வருகிறது. அதற்கு முன்பு பத்து சதவீதம்தான். 42க்கு நாலோ ஐந்தோதான் வந்திருக்கும். 1954 ஏப்ரலில் மறுபடி குறைத்து, ஐம்பது சென்ட் வரை வரியே இல்லை என்று செய்துவிட்டார்கள். ஆகவே 1933 விழுந்தது, 1939 விழுந்தது. மிஞ்சுவது 1944, 1950.

இந்த இரண்டில் எது என்பதை நாளிதழ்தான் சொல்லும். அதற்கு முன் அட்டையின் கீழ் ஓரத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். (பேயைத் தேடப் பூதக்கண்ணாடி! நம் மொழிக்குத்தான் இந்தப் பொருத்தம் வாய்த்திருக்கிறது.) பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கலாம். ஊர்ப் பெயருக்குப் பின்னால் ஒன்றிரண்டு இலக்க எண் இருந்தால் அது அஞ்சல் வட்டார எண். 1943இல் வந்தது அது. ஐந்து இலக்க எண் வந்தது 1963இல். ஐந்து இலக்கம் இருந்தால் எனக்கு எழுதவே வேண்டாம், யாரோ பிற்பாடு அடித்த நகல் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தை விரலால் தடவுங்கள். தியேட்டர் பெயர் இருக்கும் இடத்தில் லேசான மேடு தட்டுப்பட்டால் அது எழுத்தை அழுத்தி அடித்தது. பெரிய எழுத்துகள் மரக்கட்டை எழுத்துகளாக இருக்கும். எழுத்தின் ஓரத்தில் மை பிதுங்கிக் கரை கட்டியிருக்கும். ஏதாவது எழுத்தில் சிறு வெட்டுக்காயம் தெரிந்தால் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மரக்கட்டையில் விழுந்த காயம் ஆறாது. அதே காயத்தோடு அதே எழுத்து வேறொரு ஊர் அட்டையில் கிடைத்தால், இரண்டும் ஒரே அச்சகத்தின் பிள்ளைகள் என்று நம்பலாம். என் கையில் இருக்கும் இரண்டு அட்டைகளை, ஆங்கில 'ஆர்' எழுத்தின் ஒடிந்த காலை வைத்துத்தான் உறவு சேர்த்தேன். வேறு எதற்கும் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை என்று மகள் கேலி செய்கிறாள்.

இனி நூலக வேலை. 'பேலஸ்' என்ற பெயரில் அந்த நாட்டில் ஊருக்கு ஒரு தியேட்டர் இருந்தது, நம் ஊர் 'லட்சுமி டாக்கீஸ்' மாதிரி. அட்டை ஓஹியோவில் கிடைத்ததால் ஓஹியோவில் ஆடியது என்று ஆகாது. அட்டைகள் நடக்கும். ஆனாலும் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். திரைத்துறை ஆண்டு மலர்களில் ஊர்வாரியாகத் தியேட்டர் பட்டியல் போட்டிருப்பார்கள். திரைத்துறை வரலாற்றுக்கான மின்நூலகம் ஒன்று அவற்றை இலவசமாக ஏற்றி வைத்திருக்கிறது. 1944, 1950 மலர்களில் ஓஹியோவின் 'பேலஸ்' எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு நாளிதழ். நீங்கள் இருக்கும் கொலம்பஸிலேயே மாநில வரலாற்று அமைப்பின் நூலகத்தில் ஓஹியோ நாளிதழ்களின் மைக்ரோபிலிம் இருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகமும் பழைய நாளிதழ்களை இணையத்தில் காசில்லாமல் படிக்கத் தருகிறது.

அக்டோபர் 9 முதல் 13 வரை ஐந்து நாள் இதழ்களையும் புரட்டுங்கள். 'வெள்ளிக்கிழமை நள்ளிரவு' என்பது வியாழன் முடிகிற நள்ளிரவா, வெள்ளி முடிகிற நள்ளிரவா என்பதில் அவர்களுக்கும் நம்மைப் போலவே குழப்பம் உண்டு. நான் ஒரு முறை வெள்ளிக்கிழமை இதழை மட்டும் பார்த்துவிட்டு 'விளம்பரமே இல்லை' என்று முடிவு கட்டினேன். விளம்பரம் புதன்கிழமையிலிருந்தே வந்திருக்கிறது. ஆட்டம் வியாழன் இரவே முடிந்துவிட்டது.

விளம்பரம் கிடைத்துவிட்டால் மந்திரவாதியின் மேடைப் பெயர் கிடைக்கும். அந்தப் பெயரை 'பில்போர்டு' பத்திரிகையின் பழைய இதழ்களில் தேடுங்கள். இன்று பாட்டுப் பட்டியலுக்குப் பேர் பெற்ற பத்திரிகை, 1894இல் சின்சினாட்டியில் தொடங்கியது நம் தொழிலுக்காக. போஸ்டர் ஒட்டுகிறவர்களின் பத்திரிகை அது, பெயரிலேயே இருக்கிறது. பிறகு கார்னிவல், சர்க்கஸ், மந்திரவாதிகள் என்று விரிந்தது. யார் எந்த ஊரில் ஆடுகிறார், யாருக்கு உதவியாள் தேவை என்றெல்லாம் அதில் வரும். போஸ்டர் அச்சகங்களும் விளம்பரம் கொடுத்தன. உங்கள் எலும்புக்கூடு அப்படி ஒரு விளம்பரத்தின் மூலையில் பொடியாக நின்றுகொண்டிருந்தால், முதல் பிறந்த நாளும் அகப்பட்டுவிடும்.

ஓவியர் பெயர்? அதை எதிர்பார்க்காதீர்கள். சாமி படத்தில் கையெழுத்துப் போட்ட ஓவியர்கள் உண்டு. பட்டாசு லேபிளில் யார் போட்டார்கள்? இதுவும் லேபிள் வேலை.

கேள்வி: புற ஊதா விளக்கு வைத்துப் பார்த்தால் போலி தெரிந்துவிடுமாமே? (வாசகர், ஈரோடு)

கடையில் கள்ளநோட்டுப் பார்க்கிற விளக்கே போதும். 1950க்குப் பிறகு காகிதத்தை வெளுப்பாகக் காட்ட ஒளிரும் ரசாயனம் சேர்ப்பது பரவியது. அந்தக் காகிதம் விளக்கில் பளீரென்று நீல வெள்ளையாக மின்னும். '1931' என்று சொல்லப்படும் காகிதம் அப்படி மின்னினால் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள். மின்னாததால் மட்டும் அசல் என்று ஆகிவிடாது. பழைய வெற்றுக் காகிதம் தேடி அதில் அடிக்கிற கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள்.

நான் ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். சந்தையில் ஒருவர் 27க்கு 41 அங்குலப் பேய்ப் பட போஸ்டரை நாற்பது டாலருக்குக் கொடுத்தார். அந்தக் காலத்துச் சினிமா போஸ்டர்களை மடித்துத்தான் தியேட்டருக்கு அனுப்புவார்கள். இதிலும் மடிப்புக் கோடுகள் தெரிந்தன. மகிழ்ந்து வாங்கி வந்தேன். வீட்டில் விரித்துத் தடவினால் காகிதம் வழவழவென்று இருக்கிறது. மடிப்பு இல்லை, மடிப்பின் படம்தான் இருக்கிறது! அசலைப் படம் பிடித்து, அதன் மடிப்பையும் சேர்த்து அச்சடித்துவிட்டார்கள். அச்சகத்தில் முப்பத்தோரு வருடம் இருந்தவன் தடவிப் பார்க்காமல் காசு கொடுத்திருக்கிறேன். அது இப்போது என் மேசைக் கண்ணாடிக்கு அடியில், எனக்குத் தெரியும்படி கிடக்கிறது.

கேள்வி: போஸ்டரின் கீழே '54/217' போல ஒரு எண் இருந்தால் என்ன அர்த்தம்? (வாசகர், காரைக்குடி)

அது சினிமா போஸ்டர். 1940 வாக்கில் இருந்து நேஷனல் ஸ்க்ரீன் சர்வீஸ் என்ற நிறுவனம் போஸ்டர் விநியோகத்தைக் கையில் எடுத்தது. கோட்டுக்கு முன்னால் வருடம், பின்னால் அந்த வருடத்தில் படத்துக்குக் கொடுத்த வரிசை எண். முன்னால் 'ஆர்' என்று இருந்தால் மறுவெளியீடு. பேய் ஷோ அட்டைகளில் இதைத் தேடாதீர்கள், அவை வேறு குடும்பம்.

கேள்வி: பேய் போஸ்டர் ஒன்று கோடிக்கணக்கில் விற்றதாகப் படித்தேன். நிஜமா? (வாசகி, தஞ்சாவூர்)

நிஜம். 1931 'டிராகுலா' போஸ்டர் ஒன்று 2017இல் 5,25,800 டாலருக்குப் போனது. ஆனால் எனக்குப் பிடித்த கதை வேறு. பென்சில்வேனியாவில் பெர்விக் என்ற ஊரில், பரண் ஒன்றில் 33 சினிமா போஸ்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை போட்டு ஒட்டிய நிலையில் கிடைத்தன. 2011இல் ஏலத்தில் எடுத்தவர் கொடுத்தது 30,000 டாலர். ஆவி காட்டி நனைத்து, ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்கள். உள்ளே ஒரு டிராகுலாவும் இருந்தது. அடுத்த வருடம் மொத்தமும் ஐந்து லட்சம் டாலருக்கு மேல் விற்றது.

பழைய போஸ்டரின் மேலேயே புதியதை ஒட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். நம் ஊர்ச் சுவர்களில் நடப்பதுதான். சிவகாசிப் பேருந்து நிலையச் சுவரில் நாலு விரல் தடிமனுக்குப் போஸ்டர் அடுக்கு உரிந்து தொங்கியதை நான் பார்த்திருக்கிறேன். மழை நாளில் மாடு வந்து தின்றுவிட்டுப் போனது.

கேள்வி: என்னிடமுள்ள பழைய போஸ்டரின் ஓரம் கிழிந்திருக்கிறது. டேப் ஒட்டி லேமினேஷன் செய்துவிடலாமா? (வாசகர், திண்டுக்கல்)

இரண்டும் கூடாது. டேப்பின் பசை சில வருடத்தில் மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். லேமினேஷன் செய்தால் திரும்ப எடுக்கவே முடியாது, விலையும் போய்விடும், பின்பக்கத்தைத் தடவிப் பார்க்கிற வழியும் அடைபட்டுவிடும். அமிலமில்லாத காகிதத்துக்கு நடுவில் வைத்து, பீரோவின் அடித்தட்டில் படுக்கப் போடுங்கள். சுருட்ட வேண்டாம். மொட்டை மாடி ஷெட்டில் வைக்க வேண்டாம், வெயில் சூட்டில் காகிதம் அப்பளமாகிவிடும். கிழிந்த துணுக்கு தனியாக விழுந்திருந்தால் அதை எறிந்துவிடாமல் ஒரு உறையில் போட்டு வையுங்கள். அச்சகத்தின் பெயர் பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் இருக்கும்.