கதையை விடுங்கள், காலைப் பாருங்கள்

கேள்வி: மகன் எனக்குப் பழைய ஹாலிவுட் பாட்டுப் படங்களைப் போனில் இறக்கித் தருகிறான். பேசிக்கொண்டே இருப்பவர்கள் திடீரென்று ஆடத் தொடங்குகிறார்கள். கதையும் சப்பென்று இருக்கிறது. இதில் எதை ரசிப்பது?
– ஓர் ஆசிரியை, பண்டாரவளை

பதில்: கதை சப்பென்றுதான் இருக்கும் டீச்சர், அதை விடுங்கள். காலைப் பாருங்கள்.

இளவயதில் எங்கள் தோட்டத்தில், மன்மதன் கதையை ஆடும் காமன்கூத்தில் மதன் வேஷம் கட்டியவன் நான். மாசிக் குளிரில் தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களில் ஒவ்வொன்றாக ஆடிப் போவோம். தப்பு மேளத்தின் அடி மாறும்போது கால் மாறவேண்டும். ஒரு ராத்திரி தவறவிட்டேன். முகத்தில் அவ்வளவு அரிதாரம் பூசியிருந்தும் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. “மதனுக்குக் கால் எங்கேடா?” என்று கம்பளி போர்த்திய பாட்டி ஒருத்தி கேட்டதோடு என் மானம் போயிற்று.

அந்தப் பாட்டியின் கண்ணோடு ஹாலிவுட் ஆட்டக்காரர் ஃபிரெட் அஸ்டேரைப் பாருங்கள். உச்சியிலிருந்து பாதம்வரை முழு உடம்பும் திரையில் தெரியவேண்டும், ஆட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டக்கூடாது என்பதில் அவர் பிடிவாதக்காரர். அதனால் நடுவில் ஓர் அடி பிசகினாலும் திரும்ப ஆடவேண்டியதுதான். 1936இல் வந்த ‘ஸ்விங் டைம்’ படத்தின் கடைசி ஆட்டத்தை 47 தடவை எடுத்ததாகவும், அவரோடு ஜோடியாக ஆடிய ஜிஞ்சர் ராஜர்ஸின் காலில் இரத்தம் வந்துவிட்டதாகவும் சொல்வார்கள்.

திடீரென்று ஆடுகிறார்கள் என்றீர்களே, அதற்கும் அந்த ஆட்டமே பதில். பிரியப்போகும் இருவரும் தலை குனிந்து பக்கத்தில் பக்கத்தில் நடக்கிறார்கள். வெறும் நடைதான். அந்த நடை எந்த இடத்தில் ஆட்டமாகிறது என்று கண்டுபிடியுங்கள் பார்ப்போம். நான் நாலைந்து தடவை பார்த்தும் ஒவ்வொரு தடவையும் வேறு இடம் தோன்றுகிறது. 1952இல் வந்த ‘சிங்கிங் இன் த ரெய்ன்’ படத்தில் இன்னோர் ஆட்டக்காரரான ஜீன் கெல்லியும் காரை அனுப்பிவிட்டு, முணுமுணுத்துக்கொண்டு சும்மா நடந்துதான் மழைக்குள் போகிறார். காய்ச்சலோடு ஆடினாராம். தண்ணீரில் கேட்கும் கால்தட்டுச் சத்தம் பிறகு தனியாகப் பதிந்து சேர்த்தது. தகரக் கூரையில் மழை கேட்டு வளர்ந்த நமக்கு அது கொஞ்சம் சுத்தமாகவே கேட்கும்!

அப்புறம் நிக்கலஸ் சகோதரர்கள். 1943இல் வந்த ‘ஸ்டோர்மி வெதர்’ படத்தில் பெரிய படிக்கட்டொன்றில் ஒருவர் தலைக்கு மேலாக மற்றவர் தாண்டி, இரண்டு காலையும் விரித்தபடி கீழ்ப்படியில் விழுகிறார்கள். உடனே எழுந்து அடுத்த படி. “தாத்தா, இவங்களுக்கு முழங்கால் இல்லையா?” என்றாள் பேத்தி. அந்தக் காலத்தில் வெள்ளையர் நடித்த படங்களில் இப்பேர்ப்பட்ட கறுப்பினக் கலைஞர்களின் ஆட்டங்களைக் கதையோடு ஒட்டாமல் தனியாக வைப்பார்கள், அமெரிக்காவின் தென்மாநிலக் கொட்டகைகளில் வெட்டி எறிய வசதியாக. கதை ஏன் சப்பென்று இருக்கிறது என்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பேன்.

சரி, ஒன்று செய்யுங்கள். மகனிடம் சொல்லி டீவியில் போடச் சொல்லுங்கள். போனில் கால் தெரியாது.