சிஆர்பி கூடியிருந்தா ஹார்ட்ல அடைப்பா?

கேள்வி: டாக்டர், எனக்கு 52 வயசு, சுகர் வந்து 11 வருஷம் ஆச்சு. செக்கப்ல ஹெச்எஸ் சிஆர்பி 4.6னு வந்து பக்கத்துல 'ஹை ரிஸ்க்'னு போட்டிருக்காங்க. நெஞ்சுவலியெல்லாம் இல்ல. அடைப்பு இருக்குன்னு அர்த்தமா? பயத்துல தூக்கமே வரல.

பதில்: இல்லங்க, அந்த நம்பர் அடைப்பைக் காட்டறதில்ல. உடம்புல எங்க அழற்சி (இன்ஃப்ளமேஷன்) இருந்தாலும் கல்லீரல் சிஆர்பிங்கற புரதத்தை கூடுதலா சுரக்கும், ஈறு வீங்கியிருந்தாலும் சரி, மூட்டுவாதம், சிகரெட், தொப்பை, ஏன் போன வாரம் வந்துட்டுப் போன காய்ச்சலா இருந்தாலும் சரி. 1க்கு கீழ குறைவு, 3க்கு மேல அதிகம், 10ஐத் தாண்டினா பெரும்பாலும் வேற ஏதோ இன்ஃபெக்‌ஷன். அதனால உடம்பு நல்லா இருக்கறப்ப, ரெண்டு வாரம் விட்டு இன்னொரு தடவ பாருங்க.

அதுக்காக ஒதுக்கியும் தள்ளாதீங்க, முக்கியமா சுகர் இருக்கறவங்க. வயித்துக்குள்ள சேர்ற கொழுப்பு சும்மா கிடக்காது, அழற்சியத் தூண்டற பொருட்களை ரத்தத்துல விட்டுக்கிட்டே இருக்கும், கூடவே சுகர் ரத்தக்குழாயோட உள்சுவரைக் கெடுக்கும், அந்த இடத்துல எல்டிஎல்ங்கற கெட்ட கொழுப்பு புகுந்து படியும், படிஞ்சதுக்கு மேல இருக்கற மூடி அழற்சியால மெலிஞ்சு ஒருநாள் கிழிஞ்சா அங்கயே ரத்தம் உறைஞ்சு அட்டாக் வந்துடும். பெரிய அடைப்பே இல்லாத இடத்துலகூட இது நடக்கும்.

2017ல வந்த கான்டோஸ் ஆய்வுல, ஏற்கனவே அட்டாக் வந்த சுமார் 10,000 பேர்ல ஒரு பகுதியினருக்கு, கொழுப்பைத் தொடாம அழற்சியை மட்டும் குறைக்கற ஊசி போட்டாங்க. 150 மில்லிகிராம் அளவுல அட்டாக், ஸ்ட்ரோக் மாதிரி ஆபத்துகள் 15 சதவீதம் குறைஞ்சது. ஆனா உயிரை எடுக்கற இன்ஃபெக்‌ஷன் கூடிப்போனதால இதய நோய்க்கு அந்த ஊசி புழக்கத்துக்கு வரல.

உங்களுக்கு கொழுப்பைக் குறைக்கற ஸ்டேட்டின் மாத்திரை போகுதான்னு நீங்க எழுதவே இல்ல, எனக்கு அதுதான் கவலையா இருக்கு. உங்க வயசுல சுகர் இருக்கறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அது தேவை, எல்டிஎல், சிஆர்பி ரெண்டையுமே குறைக்கும். உங்க டாக்டர்கிட்ட கேளுங்க, யூரின்ல ஆல்புமின்ங்கற புரதம் போகுதா, பிபி எவ்வளவு, மூணு மாச சுகர் சராசரியைக் காட்டற ஹெச்பிஏ1சி எவ்வளவுன்னும் பாருங்க. சிஆர்பியை மட்டும் குறைக்கறேன்னு சொல்லி விக்கற பவுடர், கேப்ஸ்யூல் பக்கம் தயவுசெஞ்சு போகாதீங்க.

இன்னொண்ணு, வலி இல்லங்கறத வச்சு நிம்மதியா இருந்துட முடியாது. ரொம்ப வருஷமா சுகர் இருந்தா நரம்பு பாதிச்சு வலியே தெரியாம அட்டாக் வரலாம். மாடி ஏறினா புதுசா மூச்சு வாங்குது, காரணமில்லாம வேர்க்குது, தாடை வலிக்குதுன்னா மறு டெஸ்ட்டுக்கெல்லாம் காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரி போய் ஈசிஜி எடுத்துடுங்க.