காணி உறுதியை எடுக்காதீர்கள், அக்கா

போன கிழமை களுவாஞ்சிகுடிப் பக்கமிருந்து ஒரு தாய் வந்து அழுதார். மகள் உயர்தர உயிரியல் பிரிவு, இரண்டாம் தடவையும் மருத்துவத்துக்கு இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற புள்ளி) கொஞ்சம் போதவில்லை. மூன்றாம் தடவையும் எழுதட்டும் என்கிறார் பெரியப்பா. லண்டன் மாமாவோ வெளிநாட்டில் மருத்துவம் படிக்க ஏஜென்சியோடு கதைத்தே விட்டாராம், கல்லடிக் காணியை விற்றால் முதல் இரண்டு வருடக் காசு சரியாம்.

அக்கா, அன்றைக்குத் தண்ணீர் தந்து ஆறுதல் சொல்லி அனுப்பினேன். இன்றைக்கு நேராகவே சொல்கிறேன்: காணியை விற்காதீர்கள். மிச்ச வருடங்களுக்கு டொலரில் யார் கட்டுவது? படித்து முடித்து வந்தாலும் இங்கே வைத்தியராகப் பதிய இலங்கை மருத்துவ சபையின் பரீட்சை எழுதவேண்டும், அதிலேயே வருடக் கணக்கில் நிற்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். மாமா வந்து எழுதப்போவதில்லை.

நீங்கள் போன் பேச வெளியே போன நேரத்தில் மகள் எனக்கு ஒரு கொப்பியைக் காட்டினாள். வாவியின் முகத்துவாரத்தை வெட்டிக் கடலோடு சேர்க்கிற நாள், அதற்குப் பிறகு சந்தைக்கு வந்த இறாலும் மணலை மீனும், எந்த மாதத்தில் எது குறைந்தது, எல்லாம் தேதி போட்டு எழுதியிருக்கிறாள். கடலில் முட்டையிட்டு, குஞ்சாக வாவிக்குள் வந்து வளர்ந்து, திரும்பவும் கடலுக்குப் போகிற இறாலின் வாழ்க்கையை அவள் டியூஷனில் படிக்கவில்லை, பார்த்துப் படித்திருக்கிறாள். இந்தப் பிள்ளையை மூன்றாம் தடவையும் அதே வினாத்தாளுக்குள் உட்கார வைக்க எனக்கு மனமில்லை.

ருகுணு பல்கலைக்கழகத்தில், மாத்தறையில், மீன்பிடி, கடல் விஞ்ஞானத்துக்கென்றே ஒரு பீடம் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்திலும் மீன்பிடி விஞ்ஞானம் இருக்கிறது. அரச பல்கலைக்கழகம் என்பதால் படிப்புக்குக் கட்டணமில்லை, விடுதிச் செலவும் சாப்பாட்டுச் செலவும்தான், தகுதி இருந்தால் மகாபொல புலமைப்பரிசில் கிடைக்கும். "மீன் படிக்கவா இவ்வளவு படித்தாள்" என்று சொந்தக்காரர் கேட்பார்கள், தெரியும்.

அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். 1996இல் வெள்ளைப்புள்ளி வைரஸ் வந்து புத்தளம், சிலாபம் பக்கத்து இறால் பண்ணைகளைச் சாய்த்துவிட்டுப் போனது. கண்டல் காட்டை வெட்டிக் குளம் தோண்டி, ஒரு பண்ணையின் கழிவுநீரை அடுத்த பண்ணை உள்ளே எடுத்து, நெருக்கி நெருக்கி வளர்த்த இடத்தில் நோய் பரவாமல் என்ன செய்யும்? எத்தனை குஞ்சு விடலாம், தண்ணீரை எங்கே எடுத்து எங்கே விடுவது, குஞ்சில் வைரஸ் இருக்கிறதா என்று பி.சி.ஆர். செய்து பார்ப்பது, இதுதான் அந்தப் படிப்பு. கொடுவாயைக் கூண்டில் வளர்க்கலாம், ஆனால் அது மீன் தின்னி, அதற்குத் தீவனம் போடக் கடலிலிருந்தே வேறு மீனைப் பிடிக்கவேண்டி வருகிறது. பாலமீன் பாசி தின்று வளரும். (நம்முடைய பாலமீன்மடு ஊரின் பெயரிலேயே இந்த மீன் இருக்கிறது!) கடலட்டையை எடுங்கள்: தாய் அட்டைகள் இருக்கிற தொட்டியில் வெப்பத்தை மூன்று நான்கு பாகை கூட்டினால் முட்டையும் விந்தும் விடும், கண்ணுக்குத் தெரியாத குஞ்சு ஏறக்குறைய இரண்டு கிழமை தண்ணீரில் மிதந்து அப்புறம்தான் அடியில் ஒட்டும், அந்த இரண்டு கிழமையும் நுண்பாசி சரியாகக் கொடுக்காவிட்டால் தொட்டியே காலி. அடிச்சேற்றில் கழிவைத் தின்று வாழ்கிற உயிர்தான், என்றாலும் வடக்கில் அட்டைப் பண்ணை போட்ட இடங்களில் கரையோர மீனவர்களோடு இழுபறி. எங்கே பண்ணை போடலாம், எங்கே கூடாது என்று அளந்து சொல்ல ஆள் வேண்டும். மட்டக்களப்புக் காயங்கேணியில் 2019இல் கடல் சரணாலயம் அறிவித்தார்கள், அங்கே முருகைக்கல்லை (பவளப்பாறையை) முங்கிப் பார்த்துக் கணக்கெடுக்கவும் ஆள் வேண்டும். அந்த ஆள் நம்முடைய கரையிலிருந்தே வந்தால் மீனவரோடு அவர்கள் பாஷையில் கதைக்கலாம்.

அரச வேலை நிச்சயம் என்று நான் பொய் சொல்லமாட்டேன். நாரா (நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனம்), நக்டா (நீருயிர் வளர்ப்பு அதிகார சபை), கடற்றொழில் திணைக்களம் என்று இடங்கள் இருக்கின்றன, வெற்றிடம் வரும்போதுதான் எடுப்பார்கள். குஞ்சு பொரிப்பகங்களும் தனியார் பண்ணைகளும் இருக்கின்றன. ஆராய்ச்சிக்குப் போகிற பிள்ளைக்கு வெளிநாட்டு முதுமாணிப் புலமைப்பரிசில் பக்கமும் வழி உண்டு, அதற்கு ஆங்கிலம் வேண்டும், இப்போதே தொடங்கட்டும். மாத்தறை தூரம்தான், ஆனால் வெளிநாட்டுக்கு அனுப்பத் துணிந்த நீங்கள் மாத்தறைக்குப் பயப்படக்கூடாது.

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பாடநெறிகளின் வரிசைதான் முக்கியம். கேட்பவர்களுக்காக மேலே வேறு எதையாவது எழுதி, இதைக் கடைசியில் போட்டால், மேலே உள்ளது கிடைத்த உடனே இது போய்விடும். வரிசையை அவள் எழுதட்டும். சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அந்தக் கொப்பியும் வரட்டும், விண்ணப்பத்தை மூன்று பேரும் இருந்து நிரப்புவோம்.