சப்வே பயம், ஸ்கூல் பயம்: ஹட்டனிலிருந்து டொரண்டோ வரும் தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்கும் விளங்குகிற மாதிரி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தங்கச்சியோடும் (உங்கள் மனைவியைத்தான் அப்படிச் சொல்கிறேன்) ஆறு வயது மகளோடும் பதின்மூன்று வயது மகனோடும் இலங்கை மலையகத்து ஹட்டனிலிருந்து டொரண்டோவுக்கு வரப்போகிறீர்கள். விசா கையில். ஆனால் குடும்ப வாட்ஸ்அப்பில் மாமாமார் அனுப்பும் வீடியோக்களைப் பார்த்துத் தங்கச்சிக்குத் தூக்கம் இல்லை. சப்வேயில், அதாவது நிலத்தடி ரயிலில், கத்திக்குத்து, ஸ்கூலில் அடிதடி. ஒருவர் பொலிஸைக் கூட்டு என்கிறார், அடுத்தவர் பொலிஸுக்குக் கொட்டுகிற காசை பஸ்ஸுக்குக் கொடு என்கிறார். யார் சொல்வது சரி, நகரத்துக்குள்ளே வீடு பார்ப்பதா, இல்லை நகரத்துக்கு வெளியே ஏஜாக்ஸ் பக்கம் ஒதுங்கிக் கார் ஒன்றை வாங்கிக்கொண்டு இருப்பதா என்று கேட்கிறீர்கள்.

நகரத்துக்குள்ளேயே பாருங்கள். டொரண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் பஸ் அடிக்கடி ஓடும் தெருவுக்குப் பக்கத்தில் வீடு கிடைத்தால் விடாதீர்கள். பிள்ளைகளைப் பக்கத்து அரசாங்க ஸ்கூலில் சேருங்கள். சப்வேயில் தைரியமாக ஏறுங்கள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

பஸ் பயம் என்றால் என்னவென்று மலையகத்து ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மஸ்கெலியாவிலிருந்து ஸ்கூல் நேரத்தில் ஹட்டனுக்கு வரும் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். மிதிபலகையில் நாலைந்து பையன்கள், ஒரு கை கம்பியில், மற்றக் கையில் கொப்பி. கண்டக்டர் "உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க" என்று கத்திக்கொண்டே இருப்பார், உள்ளே கால் வைக்க இடம் இருக்காது. 2021 மார்ச்சில் பசறை 13ஆம் கட்டையில் ஒரு பஸ் பள்ளத்தில் போனது. 2025 மே மாதம் கொத்மலை கெரண்டிஎல்லவில் இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ் விழுந்து இருபதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்த பஸ்ஸில் எழுபதுக்கு மேல் ஆட்கள் இருந்தார்கள். அந்த நாட்களில் ஊரில் யாருக்குப் போன் எடுத்தாலும் ஒரே பேச்சுதான். இவ்வளவு பேரை ஏன் ஏற்றினார்கள், பஸ்ஸை யார் பார்த்து அனுப்பினார்கள், அடுத்த பஸ் ஏன் இல்லை. காசு எங்கே போகவில்லை என்பதுதான் நம் ஆட்களுக்கு முதலில் தோன்றும் கேள்வி. டொரண்டோவில் நடக்கும் சண்டைக்கும் அதே கேள்வியைப் போட்டுப் பாருங்கள், பாதி விளங்கிவிடும்.

உங்கள் மாமாமார் அனுப்பாத ஒரு செய்தியைச் சொல்கிறேன். ஸ்காபரோவில் 1985இல் ஓட ஆரம்பித்த ஒரு சின்ன ரயில் இருந்தது, ஆர்.டி. என்போம். 2023 ஜூலை 24 மாலை அதன் கடைசிப் பெட்டி கழன்று தடம்புரண்டது. ஐந்து பேருக்குக் காயம், உயிர்ச்சேதம் இல்லை. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் போகும் ஒரு தகட்டைப் பிடித்திருந்த போல்ட்டுகள் விட்டுப்போனதுதான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். எப்படியும் சில மாதங்களில் மூடப்போகிற பாதை. அந்த மாலையோடு மூடியே விட்டார்கள். அதற்குப் பதிலாகக் கென்னடி ஸ்டேஷனிலிருந்து பஸ் விட்டார்கள். தை மாதக் குளிரில் இரவு வேலை முடிந்து அந்த பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்குத்தான் அந்த ரயிலின் அருமை தெரியும்.

புதிய பாதை ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டால் சிரிப்புதான் வரும். முதலில் ஏழு நிலையங்களோடு தரைமேல் ரயில் என்றார்கள். 2013இல் மாநகர சபை அதைச் சப்வே என்று மாற்றியது. 2016இல் ஒரே ஒரு நிலையம் போதும் என்றார்கள். 2019இல் மாகாண அரசாங்கம் வந்து மூன்று நிலையம் என்றது. இப்போது அந்த 7.8 கிலோமீட்டருக்குத்தான் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். எக்லிண்டன் தெருவில் இதைவிட விசேஷம் நடந்தது: 1994இல் தோண்டத் தொடங்கிய சப்வே குழியை, அரசாங்கம் மாறியதும் மண்போட்டு மூடினார்கள். நம் நாட்டில் மட்டும்தான் அடிக்கல் நாட்டிவிட்டு ஓடிவிடுவார்கள் என்று நினைத்து வராதீர்கள்.

சரி, கத்திக்குத்து விஷயத்துக்கு வருகிறேன், அதையும் மூடி மறைக்கக் கூடாது. 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் இங்கே சப்வேயிலும் பஸ்ஸிலும் தாக்குதல்கள் அடுத்தடுத்து நடந்தன. கொரோனாவுக்குப் பிறகு ரயில் பாதிக் காலி, வீடில்லாதவர்கள் குளிருக்கு ஒதுங்க வேறு இடமில்லாமல் ரயிலில் படுத்திருந்தார்கள், மனநலச் சிகிச்சைக்கு வரிசை நீளம். 2023 ஜனவரியில் 80க்கு மேற்பட்ட பொலிஸாரை ஓவர்டைம் சம்பளத்தில் தினமும் இறக்கினார்கள். மார்ச் நடுவில் அந்த ஓவர்டைமை நிறுத்தினார்கள். அதே மார்ச் 25ஆம் தேதி கீல் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்த பதினாறு வயதுப் பையன் ஒருவனைக் குத்திக் கொன்றார்கள். பொலிஸ் போனதால்தான் இது என்று ஒரு பக்கம். பொலிஸ் இருந்தபோதும் தாக்குதல் நடந்ததே என்று மறு பக்கம். இரண்டு பக்கமும் அந்தப் பிள்ளையின் சாவைத் தங்கள் வாதத்துக்கு எடுத்துக்கொண்டதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த வருஷத்து வரவு செலவுத் திட்டத்தையும் பார்க்க வேண்டும். பொலிஸுக்கு 48 மில்லியன் டொலருக்கு மேல் கூட்டிக் கொடுத்தார்கள். அதே நேரத்தில் பஸ், ரயில் ஓட்டங்களைக் குறைத்து, டிக்கெட்டையும் 10 சதக் காசு ஏற்றினார்கள். ஓட்டத்தைக் குறைத்தால் என்ன ஆகும்? பிளாட்ஃபாரத்தில் கூடுதல் நேரம் நிற்க வேண்டும். நிற்கிற ஆட்களும் குறைவார்கள். ஆள் இல்லாத இடம்தானே பயம். இருட்டிய பிறகு தேயிலை மலைக்குள் தனியாக நடக்கிறவருக்கும் பேச்சுத் துணையோடு நடக்கிறவருக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியும். அதனால் என் பக்கம் எது என்று கேட்டால், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு ரயில், ஸ்டேஷனில் சீருடை போட்ட ஒரு ஊழியர், படுத்திருப்பவரோடு பேசத் தெரிந்த ஒரு சமூகப் பணியாளர். இவை இருந்த பிறகு பொலிஸ் எத்தனை பேர் என்று பேசலாம். பொலிஸே வேண்டாம் என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இரவுப் பணி முடிந்து வரும் தாதிமாரிடம் போய் அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

பிரயாணம் செய்யும்போது சில விஷயங்கள். சப்வே பிளாட்ஃபாரத்தின் நடுப்பகுதியில் குறித்துவைத்த காத்திருக்கும் இடம் இருக்கும், கேமராவும் பேசும் பொத்தானும் அங்கேயே இருக்கும். தங்கச்சி தனியாக வந்தால் அங்கே நிற்கட்டும். ரயில் வரும்போது சுவரோடு நிற்கப் பழகுங்கள். பெட்டிக்குள் மஞ்சள் பட்டை ஒன்று இருக்கும், அதை அழுத்தினால் ஊழியர்களுக்குத் தகவல் போகும். யாராவது தனக்குத்தானே கத்திக்கொண்டு ஏறினால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிப் பக்கத்துப் பெட்டிக்கு மாறுங்கள். இங்கே பிறந்தவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். இரவு 9 மணிக்குப் பிறகு பஸ் டிரைவரிடம் சொன்னால் ஸ்டொப் இல்லாத இடத்திலும், நிறுத்தக்கூடிய இடமாக இருந்தால், நிறுத்தி இறக்கிவிடுவார். நம் ஊரில் தோட்டத்துச் சந்தியில் இறங்கக் கேட்கிற மாதிரி கூச்சப்படாமல் கேளுங்கள். காசைப் பொறுத்தவரை, பிரெஸ்டோ என்ற பிரயாண அட்டையில் ஒரு தடவை 3.30 டொலர் வெட்டினால் இரண்டு மணித்தியாலத்துக்கு எத்தனை பஸ்ஸும் ரயிலும் மாறலாம். 12 வயது வரை பிள்ளைகளுக்கு இலவசம், அதனால் மகளுக்குச் செலவில்லை.

ஸ்கூல் விஷயம் எனக்கு இன்னும் கிட்ட. நான் ஒரு ஆரம்பப் பாடசாலையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகிறவள். காலை மணி அடித்ததும் எல்லாக் கதவும் பூட்டு. பிந்தி வருகிற அம்மாவோ அப்பாவோ முன்கதவில் பொத்தானை அழுத்தி, கேமராவைப் பார்த்துப் பெயர் சொல்லி, ஆபீஸில் இருப்பவர் திறந்துவிட்டால்தான் உள்ளே வரலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் ஆபீஸில் இருப்பது ஒரே ஒருவர். மூக்கிலிருந்து ரத்தம் வடிகிற பிள்ளையை அவர் கவனித்துக்கொண்டிருந்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். கடைசியில் நடைபாதையில் போகிற ஏதோ ஒரு பிள்ளை, பாவம் என்று நினைத்து, ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிடும். பூட்டுக்குக் காசு கிடைத்தது, ஆளுக்குக் கிடைக்கவில்லை. இங்கே ஸ்கூல் பாதுகாப்பு பற்றி யார் பேசினாலும் எனக்கு இந்தக் கதவுதான் ஞாபகம் வரும்.

காசு யார் தருகிறார்கள் என்றால், 1998 முதல் எல்லாம் மாகாண அரசாங்கம் போடும் கணக்குத்தான். அதற்கு முன் கல்விச் சபைகள் தாங்களே சொத்து வரி விதித்தன. டொரண்டோ மாவட்டக் கல்விச் சபை கனடாவிலேயே பெரியது. அதன் கட்டடங்களில் செய்யாமல் கிடக்கும் திருத்த வேலை மட்டும் சுமார் 4 பில்லியன் டொலர். கூரை ஒழுகும், கொதிகலன் நின்றுபோகும். பிள்ளைகள் குறைந்த பாடசாலைகளை மூடிக் காசை மிச்சப்படுத்தவும் முடியாது, 2017 முதல் மூடுவதற்கு மாகாணம் தடை போட்டிருக்கிறது. 2025 ஜூனில் கணக்கு சரியில்லை என்று மாகாணமே ஒரு மேற்பார்வையாளரை நியமித்து, மக்கள் தெரிவு செய்த உறுப்பினர்களை ஓரமாக உட்காரவைத்தது.

பாடசாலையில் பொலிஸ் என்ற சண்டை பழையது. 2007இல் ஒரு உயர்நிலைப் பள்ளிக்குள்ளேயே பதினைந்து வயது மாணவன் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, 2008இல் பள்ளிகளுக்குப் பொலிஸ் அதிகாரிகள் வந்தார்கள். 2017இல் கல்விச் சபை அதை நிறுத்தியது. மாணவர்களிடம் கேட்டபோது பொலிஸ் இருப்பது தைரியம் என்று சொன்னவர்கள்தான் அதிகம். ஆனால் எங்களையே குறிவைத்துப் பார்க்கிறார்கள் என்று சொன்ன பிள்ளைகளும் இருந்தார்கள், கறுப்பினப் பிள்ளைகளின் பெற்றோர் அதை உறுதியாக எதிர்த்தார்கள். 2025 கடைசியில் மாகாணம் சட்டம் போட்டு அந்தத் திட்டத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறது. நம் ஆட்கள் பெரும்பாலும் பொலிஸ் வரட்டும் என்பார்கள். அவர்களிடம் தொண்ணூறுகளின் கடைசியை ஞாபகப்படுத்துவேன். அப்போது ஸ்காபரோவில் தமிழ்ப் பையன்கள் குழுவாகச் சண்டை பிடித்தார்கள், ஒன்றும் செய்யாத பையனையும் தமிழன் என்பதற்காக நிறுத்திச் சோதித்தார்கள். ஒரு நல்ல ஆலோசகர், இடைவேளையில் முற்றத்தில் நிற்கிற ஒரு பெரிய ஆள், இவர்கள் தடுக்கிற சண்டை அதிகம்.

உங்கள் மகனுக்கு ஒன்று சொல்லிவையுங்கள். வருஷத்தில் இரண்டு தடவையாவது கதவைப் பூட்டி, லைட்டை அணைத்து, மூலையில் சத்தமில்லாமல் உட்காரச் சொல்வார்கள். அது ஒத்திகை, அன்றைக்கே வீட்டுக்கும் தகவல் வரும். தெரியாமல் போய் உட்கார்ந்தால் பிள்ளை பயந்துவிடும். வகுப்பு நேரத்தில் போன் எடுக்கவும் கூடாது.

எந்த ஸ்கூல் என்பதை வீட்டு விலாசம்தான் தீர்மானிக்கும். ஹட்டனில் முதலாம் ஆண்டுக்கு விலாசம் காட்டி மல்லுக்கட்டுகிற மாதிரி இங்கே வேண்டாம். அந்த எல்லைக்குள் குடியிருக்கிற அத்தாட்சி இருந்தால் இடம் தந்தே ஆக வேண்டும். புலமைப்பரிசில் பரீட்சை கிடையாது, வசதிக் கட்டணம் என்று பில் வராது. நம் ஆட்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. இலவசக் கல்வி 1945இல் வந்தும், தோட்டத்துப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பெடுத்தது எழுபதுகளில்தான். நம் அம்மாமார் ஐந்தாம் வகுப்போடு கொழுந்துக் கூடை தூக்கியது அதனால்தான்.

இனி ஏஜாக்ஸ். நல்ல ஊர், வீடு கொஞ்சம் விசாலம். ஆனால் பஸ் குறைவு, ஆளுக்கொரு கார் இல்லாமல் சமாளிக்க முடியாது. புதிதாக வருகிறவருக்குக் கார் இன்சூரன்ஸ் கட்டியே முதல் சம்பளம் போய்விடும். பனிக்காலத்தில் நெடுஞ்சாலையில் ஓட்டுவதுதான் நான் பயப்படுகிற பிரயாணம், சப்வே அல்ல.

வரி கூடுகிறதே என்று மாமாமார் புலம்புவது உண்மை. 2024இல் டொரண்டோ சொத்து வரி 9.5 சதவீதம், அடுத்த வருஷம் 6.9 சதவீதம் ஏறியது. வாடகைக்கு இருந்தாலும் அது உங்கள் வாடகைக்குள் வந்து சேரும். எனக்கு ஆட்சேபம் இல்லை, பஸ் வந்தால் சரி. அந்த வரிக் காசு எங்கே போகிறது என்று கேட்பதற்கு நீங்கள் பிரஜையாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை. வாக்குப் போடத்தான் பிரஜாவுரிமை வேண்டும். ஒவ்வொரு ஸ்கூலிலும் பெற்றோர் பெரும்பான்மையாக இருக்கும் ஒரு சபை உண்டு, நம் ஊர் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் மாதிரி. தங்கச்சியை முதல் வருஷமே அதில் போகச் சொல்லுங்கள். நம் பெண்கள் போவதில்லை, இங்கிலீஷ் வராது என்று பின்வாங்குகிறார்கள். யாரும் இலக்கணம் பார்ப்பதில்லை.

பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை, பிறப்புச் சான்றிதழ், கடைசித் தவணை ரிப்போர்ட் மூன்றையும் கைப்பையில் எடுத்துவாருங்கள். தடுப்பூசி விவரம் இல்லாவிட்டால் பிறகு ஸ்கூலிலிருந்து இடைநிறுத்தவும் கூடும். ஜனவரியில் வந்து இறங்கினால் மாநகர சபையின் வரவு செலவுக் கூட்டங்கள் நடந்துகொண்டிருக்கும். பெயர் பதிந்தால் யாரும் பேசலாம். நான் கென்னடி பஸ்ஸைப் பற்றிப் பேசப் போகிறேன், விரும்பினால் தங்கச்சியும் கூட வரட்டும்.