உடரட்ட மெனிகே: நம்ம கோச்சியைப் பற்றிக் கேளுங்கள்

இலங்கை மலையகத்தில் ஓடும் உடரட்ட மெனிகே ரயிலைத்தான் நாங்கள் கோச்சி என்போம். ஹட்டன் ஸ்டேஷனுக்கு மேலேயுள்ள லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்தவன் நான். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கொட்டகலைத் தம்பி: 'மெனிகே' என்ற பேர் எப்போது வந்தது அண்ணே?

ரம்பால காலத்தில் தம்பி. பி. டி. ரம்பால 1955இல் ரயில்வேயின் பொது முகாமையாளரானார். நீராவியை விட்டு டீசலுக்கு மாறிய காலம் அது. தூர ரயில்களுக்கு அந்தந்த மண்ணின் பேரை வைத்தார்கள்: தெற்கே ருஹுணு குமாரி, வடக்கே யாழ் தேவி, நமக்கு உடரட்ட மெனிகே. உடரட்ட என்றால் மலைநாடு. மெனிகே, கண்டிச் சீமையில் பெண்களை மரியாதையாகச் சொல்லும் சொல். பதுளைக்கே ஓடும் இன்னொரு ரயிலான பொடி மெனிகே அவளுடைய தங்கை மாதிரி. நாம் 'பொடியன்' என்கிறோமே, அதே பொடிதான்.

பண்டாரவளைத் தங்கச்சி: பொடி மெனிகே கண்டியிலிருந்து வந்த வழியே திரும்புகிறதே?

கண்டி பதுளைப் பாதையில் இல்லை. பேராதனையில் கிளை பிரிந்து உள்ளே போய், வந்த வழியே திரும்ப வேண்டும். உடரட்ட மெனிகே கண்டிக்குள் போகாமல் பேராதனையிலிருந்து நேரே கம்பளைக்குப் போய்விடும்.

தலவாக்கலை வாசகர்: ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது?

44 அடிக்கு 1 அடி ஏற்றம், அதோடு கூர்மையான வளைவுகள். கோப்பியையும் தேயிலையையும் இறக்கப் போட்ட பாதை: கண்டிக்கு 1867, நானுஓயாவுக்கு 1885, பதுளைக்கு 1924. மலையைக் குடைந்ததில் நம் முன்னோரின் வியர்வையும் உண்டு. சிங்கமலைச் சுரங்கத்துக்குள் போகும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவுதான்.

ஹப்புத்தளை வாசகர்: ஆக உயரமான ஸ்டேஷன்?

பட்டிப்பொல, 1,891 மீட்டர்.

திருச்சியிலிருந்து ஒரு தம்பி: எங்கள் அம்மாயி ஹட்டனில் ரயிலேறி இந்தியா வந்தவர். அது மெனிகேயா?

இல்லை தம்பி. மெனிகே கொழும்புக்கும் பதுளைக்கும் இடையில் ஓடுவது. மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு போனவர்கள் தலைமன்னாருக்குப் போய், அங்கிருந்து 'இராமானுஜம்' கப்பலில் இராமேஸ்வரம் சேர்ந்தார்கள். எங்கள் பெரியப்பா குடும்பமும் அப்படித்தான் போனது. ஒரு தகரப் பெட்டி, சாக்கில் கட்டிய பாத்திரங்கள், பெரியம்மா மடியில் ஒரு பை தேயிலைத்தூள். கோச்சி நகர்ந்ததும் அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே பிளாட்போம் முடியும் வரை ஓடினார். அப்புறம் சரிவில் நின்று, ரொசெல்லப் பக்கம் ஹோர்ன் சத்தம் ஓயும் வரை அங்கேயே இருந்தார்.